அரை டம்ளர் காபி

காபி கொடுப்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்பினால்தான் தப்பு. ஆனால் 1979-ஆம் வருஷம், புரட்டாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, நான் கொடுத்த அரை டம்ளர் காபி என் மாமியாரை ஆபரேஷன் மேஜை வரைக்கும் கொண்டுபோகப் பார்த்தது. இத்தனை வருஷம் கழித்து அதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். திருவையாற்றுக்கு வடக்கே ஒரு சின்னக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டில் அத்தைதான் எல்லாம். விடியுமுன் எழுந்து, ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினால், ஆள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தன் இலையில் உட்காருவார். நடவுக் காலத்தில் அதுவும் கிடையாது. நடுவில் பசித்தால் இன்னொரு காபி.

இப்படி இருந்தவருக்கு வயிற்றில் வலி வந்தது. தொப்புளுக்கு மேலே, சற்று வலப்பக்கமாக. சில நாள் முதுகுக்கும் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு சுவரில் சாய்ந்திருப்பார். "என்னத்தை, வலிக்குதா?" என்றால், "ஒண்ணுமில்லேம்மா, வாய்வு. நீ படு" என்பார். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுப்பேன். ஓமம், சுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதம் இப்படியே ஓடியது. உடம்பு இளைத்து, ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அப்புறம்தான் என் கணவர் பிடிவாதமாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். "நடவு முடியட்டுமேடா" என்று கடைசி வரை சொல்லிப் பார்த்தார் அத்தை.

வாய்க்காலும் குளமும்

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே அழுத்தியபோது அத்தை முகம் சுளித்தார். "பித்தப்பையில் கல் இருக்கலாம். படம் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார்.

பித்தம் என்றால் தலைசுற்றல், வாய்க்கசப்பு என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு பையா? அத்தை கேட்டே விட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கோடு போட்டுக் காட்டினார்.

"அம்மா, நீங்க காவிரிக்கரைக்காரங்க. உங்களுக்குப் புரியும். கல்லீரல் இருக்கே, அதிலேதான் பித்தநீர் ஊறுது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு ஊறும். அது ஒரு வாய்க்கால் வழியா சிறுகுடலுக்கு இறங்குது. வாய்க்கால் முடியற இடத்துல ஒரு மதகு. சாப்பாடு இல்லாத நேரத்துல மதகு மூடியிருக்கும். அப்போ தண்ணி எங்கே போகும்? பக்கத்துல ஒரு கிளை வாய்க்கால் பிரிஞ்சு சின்னக் குளத்துக்குப் போகுது. அங்கே போய்த் தங்கும். அந்தக் குளம்தான் பித்தப்பை. நெய், எண்ணெய், பால்னு ஏதாவது வயித்துக்குள்ளே இறங்கினதும் மதகு திறக்கும். குளம் தன்னைத்தானே பிழிஞ்சு விடும். கொழுப்பு செரிக்க அந்தப் பித்தநீர் வேணும்."

"குளத்துல கல்லு எப்படி வரும்?" என்றார் அத்தை.

"தேங்கின தண்ணி வத்தி வத்தி வண்டலாகிறதில்லையா? அதுமாதிரிதான்."

இதைவிடத் தெளிவாக யாரும் அதற்குப் பிறகும் எனக்குச் சொன்னதில்லை. பித்தப்பை கொள்வது 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். ஒரு சின்ன டபராவில் பாதிகூட வராது. ஆனால் கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது.

அந்தக் குளத்தைப் படம் எடுப்பதில்தான் சிக்கல். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். பித்தப்பை தண்ணீர்ப் பை, அது தெரியாது. பித்தப்பைக் கற்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். ஆகையால் அந்தப் பையிலே போய்ச் சேருகிற மாதிரி ஒரு மருந்தைக் கொடுத்து, பையையே படத்தில் வெள்ளையாகத் தெரிய வைப்பார்கள். அயோடின் கலந்த மருந்து அது. அயோடின் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். மாத்திரையாக விழுங்கினால் குடலில் கலந்து, கல்லீரலுக்குப் போய், பித்தநீரோடு வெளிவந்து, ராத்திரி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தப்பையில் சேரும். கல் இருந்தால் வெள்ளைப் பைக்குள்ளே கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும்.

ஆறு மாத்திரை கொடுத்தார். ராத்திரி நெய், எண்ணெய், பால், தயிர் எதுவும் கலக்காத சாப்பாடு. பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஆறு மாத்திரை. அதன் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காலை எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும்.

"நெய் இல்லாமல் ரசம் சாதமா! பட்டினி கிடந்துடலாம் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார் அத்தை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான்தான் ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் கொடுத்தேன்.

நான் செய்த காரியம்

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டும். நாலரை மணிக்குக் கொல்லைப்புறத்திலிருந்து அத்தை வந்தார். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக விடியற்காலையில் காபி குடித்துப் பழகிய தலை.

"மாத்திரைதான் ராத்திரியே உள்ளே போயாச்சே. ஒரு அரை டம்ளர் குடுடி. தலை வெடிச்சுடும் போலிருக்கு."

நான் யோசித்தேன். சாப்பாடுதானே கூடாது என்றார்? காபி தண்ணீர்தானே? அப்போதுதான் கறந்த பால் நுரையோடு இருந்தது. டிகாக்ஷன் இறங்கியிருந்தது. கெட்டியாக, அரை டம்ளர் கலந்து கொடுத்தேன். அத்தை குடித்துவிட்டு, "மகராசி" என்றார். என் கணவருக்குத் தெரியாது. அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆற்றையும் தாண்டித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். ஆறுகளில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்தார்கள். ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பித்தப்பை தெரியவில்லையே! லேசாக ஒரு நிழல்தான். மாத்திரை ஆறும் விழுங்கினார்களா?"

"விழுங்கினாங்க" என்றேன்.

"வாந்தி, பேதி?"

"இல்லை."

"காலையில் ஏதாவது சாப்பிட்டார்களா?"

என் கணவர் முந்திக்கொண்டார். "பச்சைத் தண்ணி பல்லிலே படலை, டாக்டர்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்படியானால் இன்று ராத்திரி மறுபடியும் ஆறு மாத்திரை கொடுங்கள். நாளைக்கு வாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், பித்தப்பை கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

கிராமத்துக்குத் திரும்பிப் போய் வருவதைவிட, கீழவாசலில் இருந்த ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டில் தங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. நடந்துபோகும்போது அத்தை என் பக்கத்தில் வந்து, ரகசியமாகச் சொன்னார். "காபி குடிச்சதைச் சொல்லிடாதேம்மா. அவன் உன்னைத்தான் வையுவான்."

அத்தை சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. ஆனால் எனக்கு வேறொரு எண்ணம் வந்துவிட்டது. நாளைக்கும் விடியும். நாளைக்கும் அத்தைக்குத் தலை வலிக்கும். இந்த நாத்தனார் நாலு மணிக்கே அடுப்பு மூட்டுகிறவள். அவள் வீட்டுக் காபி இன்னும் கெட்டி. நாளைக்கும் படம் தெரியாது. அதற்கு அர்த்தம் என்ன என்று டாக்டர்தான் சொல்லிவிட்டாரே!

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "நான் டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்றேன். என் கணவர் கோபமாக என்னவோ சொன்னார். எதுவும் காதில் விழவில்லை. திரும்பிப் போய், அடுத்த நோயாளி உள்ளே இருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு சொன்னேன். "டாக்டர், காலையிலே நாலரை மணிக்கு அரை டம்ளர் காபி குடுத்தேன். நான்தான் குடுத்தேன்."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "பால் காபியா?" என்றார். "கறந்த பால்" என்றேன்.

"அப்படிச் சொல்லும்மா! ராத்திரி முழுக்கச் சேர்ந்த மருந்தைப் பால் குடித்ததும் பித்தப்பை பிழிந்து குடலுக்கு அனுப்பிவிட்டது. வேலை செய்கிற பித்தப்பையை வேலை செய்யவில்லை என்று எழுதியிருப்பேன். நல்ல வேளை வந்து சொன்னாய்" என்றார்.

அன்று ராத்திரி அத்தைக்குக் காவல் நான்தான். விடியற்காலை நாத்தனார் காபித் தட்டோடு வந்தபோது, அத்தையே கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

இரண்டாவது படம் பளிச்சென்று இருந்தது. சின்னக் கத்தரிக்காய் மாதிரி வெள்ளையாக ஒரு பை. உள்ளே ஒரு புள்ளி கிடையாது, ஓட்டை கிடையாது. பிறகு கொழுப்புள்ள ஆகாரம் கொடுத்து, பை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "இரண்டு முட்டை கொடுப்பது வழக்கம்" என்றார் படம் எடுப்பவர். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் சைவம். கடைசியில் ரொட்டியில் கட்டி வெண்ணெயைத் தடவி, ஏட்டோடு ஒரு டம்ளர் பாலும் கொடுத்தோம். அரை மணி கழித்து எடுத்த படத்தில் பை பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது.

பித்தப்பையில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் வலி? வெள்ளை வெளேரென்று பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "சுண்ணாம்புத் தண்ணியா இது?" என்று கேட்டுக்கொண்டே குடித்தார் அத்தை. சிறுகுடலின் தொடக்கத்தில் புண். அல்சர். ராத்திரி இரண்டு மணிக்கு, வயிறு காலியான பிறகு வலித்தது அதனால்தான். அரிசிச் சோறு தின்னும் தென்பகுதியில் இந்தக் குடற்புண் அந்தக் காலத்தில் மிகவும் அதிகம். மருந்து, வேளா வேளைக்குச் சாப்பாடு என்று நாலு மாதத்தில் தேறினார். வெறும் வயிற்றுக் காபியையும் விட்டார். அதுதான் பெரிய தியாகம்.

இன்று அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாக் கிருமியே காரணம் என்று தெரிந்துவிட்டது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் கிருமி பெரும்பாலும் போய்விடும்.

பட்டினி கிடந்த நாய்

ரொம்ப வருஷம் கழித்து இந்தப் பரிசோதனை பிறந்த கதையைப் படித்தேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜனும், அவரிடம் பயிற்சியில் இருந்த வாரன் கோல் என்ற இளம் டாக்டரும் 1924-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மாத்திரை கிடையாது. மருந்தை ஊசியாகத்தான் போட்டார்கள். முதலில் நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாய்க்கு மேல் நாயாகப் பார்த்தும் பித்தப்பை தெரியவே இல்லை. ஒரே ஒரு நாய்க்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இந்த நாய்க்கு மட்டும் என்ன விசேஷம் என்று கோல் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள், அன்று காலை அதற்குச் சாப்பாடு வைக்க மறந்துவிட்டதை ஒப்புக்கொண்டானாம்!

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவன் சாப்பாடு வைக்கவில்லை, நான் காபி வைத்தேன். இரண்டு பேருமே கடைசியில் வாயைத் திறந்து சொன்னோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளுக்கு வந்தபோது

இத்தனையும் தெரிந்த நான், என் மகள் விஷயத்தில் என்ன செய்தேன் தெரியுமா?

2016-ல் இரண்டாவது பிரசவத்துக்கு மகள் எங்களிடம் வந்திருந்தாள். சுகப்பிரசவம். பிள்ளை பெற்ற உடம்பாயிற்றே என்று நானும் ஆசை ஆசையாகப் பத்தியம் போட்டேன். பூண்டுக் குழம்பு, லேகியம், எல்லாவற்றிலும் தாராளமாக நெய். நாற்பது நாள் இருக்கும். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறது என்றாள். இரண்டு மணி நேரத்தில் தானாக விட்டது. நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தது.

நான் என்ன நினைத்தேன்? "பாட்டிக்கு வந்த அல்சர்தான். வேளைக்குச் சாப்பிடாமல் குழந்தையோடு மல்லுக்கட்டினால் இப்படித்தான்" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் கொடுத்தேன். தெம்புக்கு இன்னொரு கரண்டி நெய்யும் விட்டேன்! அனுபவம் சில சமயம் கண்ணையும் மறைத்துவிடுகிறது.

அத்தைக்குக் காலி வயிற்றில் வலி. மகளுக்கோ நெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி. இந்த வித்தியாசத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறுதலால் பித்தநீரில் கொழுப்புச் சத்து கூடுகிறது; பித்தப்பையும் சோம்பிப்போய்ச் சரியாகச் சுருங்குவதில்லை. அதனால் கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் வண்டலும் கல்லும் சேர வாய்ப்பு அதிகம். பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வண்டல் தானே கரைந்துவிடும். சிலருக்குத் தங்கிவிடும்.

ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. அக்கம் பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "காமாலை. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடு, மூணே நாள்ல இறங்கிடும்" என்றார்கள். வாய்க்கால் கரையில்தான் முளைத்துக் கிடக்கிறதே! கொடுத்தேன். மூன்று நாளும் போயிற்று. மஞ்சள் ஏறிற்றே தவிர இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கடுங்காபி மாதிரி போகிறது, மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போகிறது என்று மகள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். அன்று சாயங்காலம் பல் கிட்டிக்கிற மாதிரி குளிர் வந்து காய்ச்சல் கொளுத்தியது.

கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, விடியற்காலை காரில் தஞ்சாவூருக்கு ஓடினோம்.

கீழாநெல்லியை நான் குறை சொல்ல வரவில்லை. கிருமியால் வருகிற காமாலை பலருக்கும் ஓய்வும் சாப்பாடும் இருந்தால் தானாகவே தணிந்துவிடும். அதனால் எந்தக் கை மருந்துக்கும் நல்ல பெயர் வந்துவிடுகிறது. ஆனால் வாய்க்காலில் கல் அடைத்துக்கொண்டு வரும் காமாலை அப்படிப்பட்டதல்ல. அடைத்த வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறும். தேங்கிய இடத்தில் கிருமி சேரும். அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நான் வீணடித்த மூன்று நாள் எப்படிப்பட்ட மூன்று நாள் என்று டாக்டர் சொன்னபோது, எனக்குக் கை கால் ஓடவில்லை.

மாறிப்போன படங்கள்

ஆறு மாத்திரைப் பரிசோதனையெல்லாம் இப்போது வழக்கொழிந்துவிட்டது. 1980-களிலேயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. எக்ஸ்ரே கதிர் இல்லை, ஒலி அலைதான். கர்ப்பிணிக்கும் பயமில்லை. வயிற்றில் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்க்கிறார்கள். பித்தப்பைக் கல் வெள்ளையாக மின்னும். அதன் பின்னால் ஒரு கறுப்பு நிழல் விழும். ஒருக்களித்துப் படுத்தால் கல்லும் உருண்டு நகரும். பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை இது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கேன் அறை வாசலில் மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, அஞ்சு மணிக்குக் குழந்தைக்குப் பால் குடுத்துட்டுப் பசி தாங்காம நானும் அரை டம்ளர் பால் குடிச்சுட்டேன்" என்று கிசுகிசுத்தாள். அவள் முடிப்பதற்குள் நான் கதவைத் திறந்து சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர், "சொன்னது நல்லது. குழாயை இப்பவே பார்த்துடலாம். பித்தப்பையை நாளைக்குக் காலையில் வெறும் வயித்துல இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றார்.

பித்தக் குழாய் வீங்கியிருந்தது. மறுநாள் பார்த்தபோது பித்தப்பையில் மணி மணியாகக் கற்கள். ஆனால் குழாயில் அடைத்த கல் மட்டும் கண்ணில் படவில்லை. குடலில் இருக்கும் காற்று குழாயின் அடிப்பகுதியை மறைத்துவிடும், ஸ்கேனுக்கு அது ஒரு குறை என்றார்கள். அதற்காக எம்.ஆர்.சி.பி. எடுத்தார்கள். 1991-ல் வந்த முறை. பெரிய காந்தத்துக்குள்ளே படுக்க வைத்து எடுக்கிறார்கள். தேங்கி நிற்கும் நீர் மட்டும் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி படம் விழும். பித்தக் குழாய்க்குள் இருப்பதும் நீர்தானே? அதனால் சாயமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், எக்ஸ்ரேயும் இல்லை. "தாய்ப்பால் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாகக் கொடுக்கலாம்" என்றார்கள்.

உள்ளே போகுமுன் மெட்டி, வளையல், தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும் என்றார்கள். மகளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்கு ஓடி மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் வாங்கிவந்து கட்டிவிட்டேன். நகைகளை முடிந்துவைத்துக்கொண்டு, பேரனை மடியில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இயந்திரம் தட்டுகிற சத்தம் நெல் மில் மாதிரி கேட்டது.

படத்தைக் காட்டினார்கள். கறுப்பிலே வெள்ளை வெளேரென்று வாய்க்கால்கள். கிளை கிளையாகச் சேர்ந்து ஒரே வாய்க்காலாக இறங்கி, மதகுக்கு அருகில் சட்டென்று ஒரு கறுப்புக் குண்டுமணி. 1979-ல் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் கிறுக்கிய அதே படம்!

அன்றே ஈ.ஆர்.சி.பி. செய்தார்கள். வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இரைப்பையைத் தாண்டி, பித்தநீர் குடலில் விழுகிற அந்த மதகையே போய்ப் பிடிக்கிறார்கள். அதற்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதை அமெரிக்காவில் வில்லியம் மெக்கூன் குழுவினர் 1968-ல் செய்துகாட்டினார்கள். 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும், அந்த மதகைச் சற்றே கீறிக் கல்லை வெளியே எடுக்கவும் கற்றுவிட்டார்கள். இதில் சிலருக்குக் கணையம் வீங்கக்கூடும் என்று முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரத்தில் கண் வெளுத்தது.

பிறகு பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்தார்கள். நாலு சின்னத் துளை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-ல் முதலில் செய்த ஆபரேஷன் இது. நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார். 1979-ல் அத்தைக்கு நடந்திருந்தால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் கீறியிருப்பார்கள். அதுவும், இல்லாத கல்லுக்காக!

எடுத்த கற்களைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு மாதிரி கறுப்பு. வடநாட்டில் மஞ்சளாகக் கொழுப்புக் கல் அதிகம், நம் பக்கத்தில் கறுப்பு, பழுப்பு நிறமிக் கற்கள் அதிகம் என்றார் டாக்டர்.

நம் கையில் இருப்பது

படம் எடுப்பதும் ஆபரேஷன் செய்வதும் டாக்டர் வேலை. நம் வேலை சில உண்டு, சகோதரிகளே.

கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழ் வலி வந்து, தோளுக்கோ முதுகுக்கோ போனால் "வாய்வு" என்று தள்ளாதீர்கள். காமாலையோடு குளிர்காய்ச்சல், அரிப்பு, வெளுத்த மலம் இவற்றில் எது சேர்ந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திராமல் டாக்டரிடம் ஓடுங்கள். ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்தது, தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால், பயந்துபோய் ஆபரேஷனுக்கு அலைய வேண்டாம். பெரும்பாலோருக்கு அதைக் கவனித்து வந்தாலே போதும். எக்ஸ்ரே என்றால், நாள் தள்ளிப்போயிருப்பதை எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாயம் போடுவதாக இருந்தால், முன்பு ஏதாவது ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு. பால் காபி தண்ணீர் ஆகாது.

இப்போது இதை எழுதிய காரணம். போன மாதம் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண், மாமியாரோடு வந்திருந்தாள். "ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது, அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பக்கத்தில் போய், "என்னம்மா குடுத்தே? காபியா?" என்றேன். "ஹார்லிக்ஸ், ஆன்ட்டி" என்றாள். "போய்ச் சொல்லிடு, ஒண்ணும் திட்டமாட்டாங்க" என்றேன். போய்ச் சொன்னாள். திட்டவில்லை.

என் அத்தை 2000 வரை எங்களோடு நன்றாக இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு காபி. டம்ளரை நீட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்: "ஏம்மா, டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"